ஊரில் எல்லோரிடமும் இரண்டு முறை பேச வேண்டும்

1

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்கள். "ஜப்பான்ல நீ இன்னாம்மா வேலை பண்ற?" நானும் ஒளிக்காமல் சொல்வேன். "வீடியோ கேம் ஆடுறேங்க." கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகும். பிறகு நிலைமையைச் சமாளிக்க என் கணவர் பக்கம் திரும்பி, "சார் கம்ப்யூட்டர்ல தானே?" என்பார். ஆமாம் என்றதும் அவருக்கு மூச்சு வரும்.

நான் சொல்வது பொய்யில்லை. ஒரு விளையாட்டு கடைக்குப் போவதற்கு முன்னால் அதன் எல்லாத் தெருவிலும் யாராவது நடந்து பார்க்க வேண்டும். சுவர் சுவராக முட்ட வேண்டும். கதவு கதவாகத் திறக்க வேண்டும். ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீசில் அதற்கென்று சிலபேர் இருக்கிறோம். எனக்குக் கொடுப்பதெல்லாம் நீளமான கதை விளையாட்டுகள். ஒரு குக்கிராமத்துப் பையனோ பெண்ணோ கிளம்புவார்கள், ஊர் ஊராகப் போவார்கள், வழியில் ஆட்கள் கூடச் சேருவார்கள், கடைசியில் ஒரு பெரிய கெட்டவனை ஒழிப்பார்கள். ஆடி முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இதிலே என்ன இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். ஆனால் என் ஆபீசில் நரைத்த தலைகள்கூட, பள்ளி நாளில் ஆடிய ஒரு விளையாட்டின் முதல் கிராமத்துப் பாட்டைக் கேட்டால் கண் கலங்கிவிடுகிறார்கள். இந்த ஆடியோடு நாங்கள் ஜப்பானுக்கு வந்து பதிமூன்று வருடம். ஏன் கலங்குகிறார்கள் என்பது எனக்கு இந்த வருடம்தான் முழுதாகப் புரிந்தது. அதுவும் திருவண்ணாமலையில், எங்கள் அக்காவின் லாட்ஜில்.

2

வந்த புதிதில் எனக்கு ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. என் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. பால்வாடியில், ஆஸ்பத்திரியில், கடையில் எல்லோரும் பணிவாகத்தான் பேசினார்கள். ஆனால் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நான் முதல் வார்த்தையைப் பிடிப்பதற்குள் அவர்கள் குனிந்து வணங்கி முடித்திருப்பார்கள்.

அடுத்த வீட்டு அம்மா தன் பிள்ளைகள் ஆடி முடித்த பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் குழந்தைக்கென்று கொடுத்தார். யாழினி தூங்கும் மத்தியான நேரத்தில் நான் எடுத்து ஆடினேன். அதில் வரும் முதல் கிராமத்தில் ஒரு காய்கறிக்காரி. அவள் சொல்வது கீழே ஒரு கட்டத்தில் எழுத்தாக வரும். வந்து அப்படியே நிற்கும். நான் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி. நான் அகராதியைப் புரட்டுகிறேன், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், குழந்தைக்குப் போர்த்திவிட்டு வருகிறேன், அவள் பேசாமல் நிற்கிறாள். ஜப்பானில் எனக்காகப் பொறுமையாகக் காத்திருந்த முதல் ஆள் அவள்தான். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது.

அந்தப் பாசத்தில் ஒரு வம்பும் வந்தது. விளையாட்டில் பாதிப் பேர் ராஜாக்கள், மந்திரிகள். அவர்கள் பேச்சும் சேர்ந்தே என் வாயில் ஒட்டிக்கொண்டது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் ஆபீசில் ஒரு பையன் மூன்று கவுண்ட்டர் கூடவே வந்து காகிதங்களைச் சரிசெய்து கொடுத்தான். நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் ஊர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஒரு அம்மா மனு கொடுத்துவிட்டு, "தங்கள் பேருதவிக்கு யான் என்றும் கடமைப்பட்டுள்ளேன், வீரரே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை போனபோது அதே பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, அதே ராஜா பாஷையில் வரவேற்றான். என் காகிதம் அன்றைக்குச் சீக்கிரமே நகர்ந்தது.

3

யாழினி கொஞ்சம் வளர்ந்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடினோம். எனக்கு ஒரு விதியை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். புது ஊருக்குப் போனால் எல்லோரிடமும் இரண்டு முறை பேச வேண்டும்.

முதல் முறை பேசினால் அவரவர் வேலைப் பேச்சுதான் வரும். "வடக்கே குகை இருக்கிறது." "இன்று மீன் மலிவு." அவசரக்காரர்கள் அதோடு போய்விடுவார்கள். நகராமல் நின்று மறுபடி பொத்தானை அழுத்தினால் சில பேர் மட்டும் வேறொன்று சொல்வார்கள். மீன் விற்பவன், கடலுக்குப் போன தம்பி இன்னும் திரும்பவில்லை என்பான். அந்த வரியை எழுதியவருக்கு நிச்சயம் தெரியும், நூறு பேர் ஆடினால் பத்துப் பேர்கூட அதைப் படிக்கப் போவதில்லை. இருந்தும் எழுதி வைத்திருக்கிறார். வளர்ந்த பிறகும் ஆட்கள் நினைத்து நினைத்து உருகுவது அந்த மாதிரி வரிகளைத்தான். சண்டையில் யாரை ஜெயித்தோம் என்பது மறந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்தது சத்திரங்கள். எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். மேசைக்குப் பின்னால் ஒருத்தி நிற்பாள். எத்தனை முறை போனாலும் ஒரே வாக்கியம். பிறகு விளக்கு அணையும், சின்னதாக ஒரு இசை வரும், பொழுது விடியும், பட்ட காயமெல்லாம் ஆறியிருக்கும்.

எங்கள் அப்பா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் கட்டிய லாட்ஜில்தான் நான் வளர்ந்தேன். கீழே வீடு, மேலே பன்னிரண்டு ரூம். அப்பாவுக்குப் பிறகு அக்கா பார்த்துக்கொள்கிறாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலையும் நெல்லுமாக நிலத்தோடு இருக்கிறார், வாரம் ஒருமுறை வந்து போவார். அக்கா லாட்ஜ் வாசல் மேசையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் ஒரே வாக்கியம். "ரூம் இருக்குதுங்க. ஹாட் வாட்டர் காலையில ஆறுலேந்து எட்டு. பௌர்ணமின்னா ரேட்டு ஜாஸ்தி." முதன்முதலில் விளையாட்டில் சத்திரக்காரியைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்காவைக் கொண்டுபோய் உள்ளே வைத்த மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவோடு வீடியோவில் பேசுவோம். யாழினியிடம் அவள் கேட்பது மூன்றே கேள்வி. "சாப்டியா? ஸ்கூல் போறியா? எப்ப வர?" யாழினியின் பதிலும் மூன்றே. "சாப்டேன். போறேன். தெரியல." முடிந்ததும் போனை என்னிடம் நீட்டிவிட்டு அறைக்குப் போய்விடுவாள்.

4

இந்த வருடம் தொடக்கத்தில் யாழினி சொல்லிவிட்டாள். என்னிடம் அவள் ஜப்பானிய மொழியில்தான் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். "இந்தக் கோடைக்கு நான் வரவில்லை அம்மா. அங்கே எல்லோரும் ஒரே இரண்டு கேள்வி கேட்கிறார்கள். எப்போது வந்தாய், எப்போது கிளம்புகிறாய். பதில் சொன்னதும் திரும்பிக்கொள்கிறார்கள். நான் எதற்கு?"

எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. அடுத்த வருடம் சித்திரையிலிருந்து கல்லூரிப் பரீட்சைக்கான வருடம், அதன் பிறகு அவள் போக்கு அவளுடையது. இந்த முறை விட்டால் அவளுக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கும் தொடர்பு அந்த மூன்று பதிலோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தினால் உடம்பு வரும், ஆள் வராது. உள்ளுக்குள் மட்டும் பயந்துகொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் என் மானம் போனது.

5

புது விளையாட்டு ஒன்றில் ஒரு ஊர். நடுவிலே சின்ன மலை, அடிவாரத்தில் கோயில் போல ஒன்று, சுற்றி வீடுகள். அந்த ஊரை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நாள்கணக்கில் சுற்றினேன். எல்லாச் சுவரையும் முட்டினேன். பிழை இல்லை என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவன் காபி ஆறுவதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்தான். மலைக்குப் பின்பக்கம் கதாநாயகன் காலடியில் தரை திறந்து, ஆள் பூமிக்குள்ளே போய்விடுகிறான்.

எங்கள் தலைவி மோரி என்னைக் கூப்பிட்டார். யார் எங்கெங்கே நடந்தார்கள் என்று வரைபடத்தின்மேல் கோடாகக் காட்டும் வசதி எங்களிடம் உண்டு. மற்றவர்கள் கோடெல்லாம் சிக்கிய நூல்கண்டு. என் கோடு மட்டும் மலையைச் சுற்றி வட்டம் வட்டமாக, அழகாக, ஒரே திசையில்.

"நீங்கள் ஒருமுறைகூட எதிர்ப்பக்கம் போகவில்லை" என்றார் மோரி. "எதிர்ப்பக்கம் போனால்தான் தரை திறக்கிறது. ஏன் போகவில்லை?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன். கை தானாகவே அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. "எங்கள் ஊரில் மலையை யாரும் இடமாகச் சுற்ற மாட்டார்கள்" என்று சொன்னேன். சொல்லும்போதே முகம் சூடேறிவிட்டது.

அவர் என் வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சுற்றினால் என்ன ஆகும்? பூமி திறக்குமா?"

"அதெல்லாம் திறக்காது. எதிரே வருகிற கூட்டம் திட்டும்."

ஆபீஸே சிரித்தது. அன்று முதல் எங்கள் சோதனை விதிகளில் ஒரு வரி சேர்ந்தது. எதைச் சுற்றினாலும் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். அதற்கு என் பேரையே வைத்துக் கூப்பிடுகிறார்கள். "கீதாவை முடித்துவிட்டாயா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

சாயந்திரம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். என் கணவருக்குப் புரை ஏறிவிட்டது. யாழினி சிரித்து முடித்துவிட்டு, "பதிமூன்று வருடமாகியும் உன் கையை அந்தப் பக்கமே திருப்புகிறது என்றால், அது என்ன மலை அம்மா?" என்றாள். சின்ன வயதில் தோளில் உட்கார்ந்து சுற்றியவள்தான், ஞாபகம் இல்லை. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, வருகிறேன். இதுதான் கடைசி" என்றாள். ரசத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

6

ஆட்டோ சந்துக்குள் திரும்பியதுமே ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டர், "வாங்க, எப்ப வந்தீங்க? எப்ப கிளம்புறீங்க?" பூக்காரம்மா, "எப்பம்மா வந்தே? எப்ப போற?" யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்கிற பார்வை.

இரண்டு நாள் அவள் மாடியில் மின்விசிறிக்கு அடியிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் கீழே இறங்கி, மேசைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அக்கா சொன்னாள், ரூம், ஹாட் வாட்டர், பௌர்ணமி. இன்னொரு குடும்பம் வந்தது. ரூம், ஹாட் வாட்டர், பௌர்ணமி. யாழினிக்கு முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

அக்கா நிமிர்ந்தாள். "இன்னாடி கண்ணு? சாப்டியா?"

"சாப்டேன்" என்றாள் யாழினி. வழக்கமாக அத்தோடு திரும்பிவிடுவாள். அன்றைக்கு நகரவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். "பெரியம்மா. ஹாட் வாட்டர் தெரியும். வேற சொல்லு."

"வேறன்னா?"

"உனக்கு... இன்னா வேணும்?"

அக்காவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். சாவிக்கொத்தை ஒதுக்கி வைத்தாள். "எனக்கா? எனக்கு இன்னா வேணும்... மலை சுத்தணும்டி. வர்றவங்க எல்லாருக்கும் வழி சொல்லி அனுப்புறேன். நான் சுத்தி எத்தினியோ வருஷம் ஆச்சு. பௌர்ணமியில ரூம் நிரம்பிக்கினு இருக்கும். மத்த நாள்ல மேசையில யாரு உக்காருவா? உங்கம்மா இங்க இருந்தப்ப ஒரு பௌர்ணமிக்கு அவ போவா, ஒண்ணுக்கு நான் போவேன்."

நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான் மலை சுற்றுகிறேன். "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று அக்கா சொல்வாள், நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவேன். இரண்டாம் முறை கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தி, என் மகள் கேட்டுவிட்டாளே என்று பெருமையாக இருந்தது.

யாழினி என்னைத் தேடித் திரும்பினாள். "அம்மா, நீ மேசையில் உட்கார். பெரியம்மா கூட வருகிறாள்" என்றாள் ஜப்பானிய மொழியில். விளையாட்டில் ஒரு புது ஆள் கூட்டத்தில் சேரும்போது ஒரு துள்ளல் இசை வரும். அது அவள் குரலிலேயே இருந்தது.

7

விடியும் முன்பே இருவரும் வெறுங்காலோடு கிளம்பினார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஏழாம் நம்பர்ல கொழா ஒழுகுது, அந்த ரூம குடுக்காத. எட்டுக்கு மேல ஹீட்டர நிறுத்திடு." யாழினி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஆள் வந்ததும் வாய் தானாகச் சொன்னது. "ரூம் இருக்குதுங்க. ஹாட் வாட்டர் ஆறுலேந்து எட்டு." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல ஒன்று தெரிந்தது. எனக்குத்தான் அது பழைய வாக்கியம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவருக்கு அது புதிது. ரூம் இருக்கிறது என்று கேட்டதும் ஒவ்வொரு முகமும் இளகுகிறது. ஒரு பெரியவர், "அப்பாடா" என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தார். ஊர்க்காரர்கள் எப்போது வந்தாய் என்று கேட்பதும் அப்படித்தான் போலிருக்கிறது. நீ வந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று சொல்கிறார்கள். அதற்கு மேல் பேச வேண்டுமானால் நாம்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நடுவே யாழினி ஒரு படம் அனுப்பினாள். அக்கா கையில் டீ கிளாஸ், பின்னால் மலை, வாயெல்லாம் பல். அதற்குக் கீழே யாழினி எழுதியிருந்தாள்: "இடமாகச் சுற்றலாமா என்று கேட்டேன். அடிப்பேன் என்றாள்."

வெயில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தார்கள். அக்கா மேசைக்கு அந்தப் பக்கம், ஆட்கள் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். கால் வலியில் ஒரு கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, "ரூம் இருக்குதாங்க?" என்றாள்.

"இருக்குதுங்க. ஆனா ஹாட் வாட்டர் நின்னுபோச்சு."

மூவரும் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை தூரம் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அது அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

8

கிளம்பும் நாளில் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றினார்கள். டீ மாஸ்டர் வழக்கம்போல் கேட்டார், "கிளம்பியாச்சா? அடுத்து எப்ப?" யாழினி அவரிடம் நின்று, முட்டியில் கட்டுப் போட்டிருக்கிறீர்களே, தேவலையா என்று கேட்டாள். ஒரு டீ இலவசமாகக் கிடைத்தது, கூடவே முட்டியின் முழுக் கதையும்.

அக்கா மேசைக்குப் பின்னால் இருந்தாள். யாழினி போய் முன்னால் நின்றாள்.

"சாப்டியா?" என்றாள் அக்கா.

"சாப்டேன்."

"பத்திரமா போ கண்ணு."

யாழினி நகரவில்லை. அக்கா சாவிகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். நான் வாசலில் நின்றேன். ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். இருந்தும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அக்கா ஒருவழியாக வாயைத் திறந்தாள். "நீ வர்ற வரைக்கும் நான் மலை சுத்த மாட்டேன். சொல்லிட்டேன். நீ வந்தாதான் அடுத்த சுத்து."

யாழினிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் விரிந்தது. சந்துப் பிள்ளைகளோடு கேரம் ஆடும்போது, ஏமாற்றுகிறவரைப் பார்த்துக் கத்தக் கற்றுக்கொண்ட சொல் ஒன்று அவளிடம் புதிதாக இருந்தது. அதை எடுத்து வீசினாள். "பெரியம்மா! இது போங்கு!"

"ஆமா, போங்குதான்" என்றாள் அக்கா. "எப்ப வர?"

பதிமூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் கேட்டிருக்கிறேன். யாழினி என் பக்கம் திரும்பவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"மார்ச்ல" என்றாள். "லீவு இருக்கு."